லிஃப்ட் போட்ட பிறகு ஸ்டீயரிங்கும் டயரும் தரும் தொல்லைகள்: ஒவ்வொன்றாகச் சரிசெய்யும் முறை

வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட் போட்டு, பெரிய டயரும் மாட்டி, வண்டியை வெளியே எடுக்கும் முதல் பத்து நிமிடம் சந்தோஷமாகத்தான் இருக்கும். அப்புறம் 70 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். ஸ்டீயரிங் நடுவில் நிற்பதில்லை. வளைவில் திருப்பிக் கையைத் தளர்த்தினால் தானாக நேராவதில்லை. சின்னப் பள்ளத்தில் இறங்கினால் வண்டி ஒரு பக்கம் ஒதுங்குகிறது, முழுசாக ஒடித்தால் டயர் எங்கோ உரசுகிறது, ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து போகிறது.

இவை தனித்தனிக் கோளாறுகள் போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். சஸ்பென்ஷனை உயர்த்தும்போது ஸ்பிரிங் மட்டும் மாறுவதில்லை, ஆக்ஸிலையும் (சக்கரங்களைத் தாங்கும் குறுக்குத் தண்டு) சேஸிஸையும் (வண்டியின் அடிச்சட்டம்) இணைக்கிற ஒவ்வொரு கம்பியின் சாய்வும் மாறுகிறது. ஸ்டீயரிங் நேராக நிற்பதும், டயர் தரையில் சமமாகப் படுவதும் அந்தச் சாய்வுகளை நம்பித்தான். ஆகவே எந்தக் கோணம் எவ்வளவு மாறியது என்று அளந்து, அதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் வேலை. ஆனால் நிறைய பேர் நேராகச் சக்கரக் கோணம் சரிசெய்யும் அலைன்மென்ட் கடைக்குப் போகிறார்கள், அல்லது உதறலை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றைப் புதிதாக வாங்கி மாட்டுகிறார்கள். அலைன்மென்ட் கடைசியில் செய்ய வேண்டியது. டேம்பர் எதையும் சரிசெய்யாது, கோளாறை மூடி மட்டும் வைக்கும்.

தொடங்கும் முன்

உங்கள் வண்டியின் முன்பக்கம் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஜீப் ராங்லர், சுசுகி ஜிம்னி, லேண்ட் க்ரூசர் 80 போன்றவற்றில் முன்னாலும் ஒரே துண்டு ஆக்ஸில் இருக்கும், இதை சாலிட் ஆக்ஸில் என்பார்கள். டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனி ஆர்ம்களில் தொங்கும். கீழே சொல்வதில் பெரும்பகுதி சாலிட் ஆக்ஸிலுக்கு, தனித்தனி சஸ்பென்ஷனுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. வண்டியின் உடலை மட்டும் சேஸிஸிலிருந்து உயர்த்தும் பாடி லிஃப்ட் வேறு கதை. அதில் ஆக்ஸில் கோணங்கள் எதுவும் மாறாது, ஸ்டீயரிங் ஷாஃப்டின் நீளமும் சாய்வும்தான் மாறும், அங்கே இருக்கிற சின்ன யுனிவர்சல் ஜாயிண்டைப் பார்த்தால் போதும்.

சமதளமான தரை, நல்ல ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, டார்க் ரெஞ்ச், அளவு நாடா, சாக்பீஸ், கோணம் காட்டும் கருவி ஆகியவை வேண்டும். கோணத்துக்குப் போனில் இருக்கும் ஆப் கூட ஓரளவு போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே தலையை நுழைக்காதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். கூட ஒரு ஆள் இருந்தால் பாதி வேலை சுலபம். அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். நான்கு இடத்தில் ஒன்றாகக் கை வைத்தால் எது சரியாக்கியது, எது கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

படி 1: பழியை டயர் ஏற்கிறதா என்று பாருங்கள்

செலவில்லாத சோதனை இது, அதனால்தான் முதலில். காற்றழுத்தம் நான்கிலும் சமமா? கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவு கம்பெனி டயருக்கானது, நீங்கள் மாட்டியிருக்கும் டயருக்கு அது பொருந்த வேண்டும் என்றில்லை. சரியான அளவுக்கு ஒரு பழைய வழி உண்டு. டயரின் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) மேல் குறுக்காக, ஓரத்திலிருந்து ஓரம் வரை சாக்பீஸால் தடிமனாகக் கோடு போட்டு, நேரான சாலையில் ஒரு நூறு மீட்டர் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் அழிந்து நடு அப்படியே நின்றால் குறைவு. இரண்டு பிஎஸ்ஐ ஏற்றி இறக்கி மறுபடி பாருங்கள். சுமை ஏற்றும்போது இந்த அளவு மாறும். டயர் கம்பெனியின் சுமை அட்டவணை சொல்லும் குறைந்தபட்ச அழுத்தத்துக்குக் கீழே எப்போதும் போகக் கூடாது.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில்தான், ஸ்டீயரிங்கை விட்டுவிடலாம். மாறாவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள். டயரில் அம்புக்குறி போட்டிருந்தால் மட்டும் இந்தச் சோதனையைச் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி முடித்துவிட்டு உடனே திருப்பிப் போட்டுவிட வேண்டும்.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும், உதாரணமாக 80க்கும் 95க்கும் இடையில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் பேலன்சிங் கோளாறு, அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லை. சேற்றுக்கான மட் டயர்கள் கனமானவை, கட்டை கட்டையாகப் பட்டன் கொண்டவை, அவற்றுக்கு இது சகஜம். பேலன்சிங்குக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் சக்கரத்தைக் கழற்றி ரிம்மின் உள்பக்கம் பாருங்கள். சேற்றில் ஓட்டிவிட்டு வந்த மறுநாள் "நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று நடுங்குகிறது" என்று தவிப்பவர்களில் பாதிப் பேருக்கு ரிம் உள்ளே காய்ந்த சேறு ஒரு பக்கம் அப்பிக்கிடக்கும். சுரண்டிக் கழுவினால் தீர்ந்தது.

படி 2: ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இதுதான். தேய்ந்த ஜாயிண்ட் ஒன்று இருக்கும்போது கோணம் சரிசெய்வது வீண், அலைன்மென்ட் எண்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரும்.

சக்கரம் நான்கும் தரையில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஹேண்ட் பிரேக் போட்டு முட்டுக்கட்டை வைத்துவிட்டு, கூட வந்தவரை ஸ்டீயரிங்கைக் கடிகாரத்தின் 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் விட்டுவிட்டு ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கையில் டார்ச்சோடு முன்னால் குனிந்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள், அசையும் இடங்களில் கையை நுழைக்காமல். பிட்மேன் ஆர்ம் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் கை), டிராக் லிங்க்கின் (அந்தக் கையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) இரு முனைகள், டை ராடு (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) முனைகள், ட்ராக் பார் இரு முனைகள், கடைசியாக ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் மாட்டியிருக்கும் இடம். ஒரு பகுதி நகர்ந்த பிறகு கொஞ்சம் தாமதித்து அடுத்த பகுதி நகர்ந்தால் அந்த இடத்தில் ஆட்டம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் 'டக்' என்று ஒரு சத்தம் காட்டிக்கொடுக்கும்.

ட்ராக் பார் என்பது ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி, பேன்ஹார்ட் ராடு என்றும் சொல்வார்கள். என் சொந்த வண்டியில் லிஃப்ட் போட்டு இரண்டு மாதத்தில் உதறல் வந்தது. ஒரு பட்டறையில் டேம்பர் மாற்றினார்கள், மூன்று வாரம் நன்றாக இருந்தது, திரும்ப வந்தது. கடைசியில் நானே ட்ராக் பார் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். போல்ட்டின் வழவழப்பான உடம்பில் ஒரு பக்கம் மட்டும் பிறை நிலா வடிவத்தில் பளபளவென்று தேய்ந்திருந்தது, பிராக்கெட்டின் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது அந்த இழுப்பு. பிராக்கெட்டில் துளைக்குச் சரியான கனமான வாஷரை வெல்டிங் செய்து, புது போல்ட் போட்டு, சொன்ன அளவுக்கு முறுக்கிய பிறகு இன்றுவரை அந்த உதறல் இல்லை. அந்த போல்ட்டை இன்னும் டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவதற்கு.

முறுக்குகிற அளவு வண்டிக்கு வண்டி வேறு. ராங்லர் ஜேகே மாடலில் முன் ட்ராக் பார் போல்ட்டுக்கு 125 அடி-பவுண்ட், அதாவது சுமார் 170 நியூட்டன் மீட்டர். கையால் 'நல்லா இறுக்கிட்டேன்' என்பது இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

அடுத்து ஒரு பக்கம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்ப உதவும் குண்டு மூட்டு). எது என்று பிரிக்க, கூட இருப்பவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். ஜிம்னி, லேண்ட் க்ரூசர் 80 போன்றவற்றில் பால் ஜாயிண்டுக்குப் பதில் கிங்பின் பேரிங் இருக்கும், அதில் இறுக்கம் தளர்ந்தாலும் இதே ஆட்டம்தான். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராடு முனைகள்.

ஸ்டீயரிங் பாக்ஸின் மேல் இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை எல்லாரும் ஆசையாகத் திருகுவார்கள். மற்ற எல்லாம் சரியாக இருந்து, பாக்ஸுக்குள்ளே மட்டும் ஆட்டம் என்று உறுதியான பிறகுதான் அதைத் தொட வேண்டும், அதுவும் கால் சுற்றுக்குள். அதிகம் இறுக்கினால் நடுவில் கட்டிப்பிடிக்கும், ஸ்டீயரிங் தானாக நேராகாது, பல்லும் தேயும்.

படி 3: ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டுவருங்கள்

ட்ராக் பாரின் ஒரு முனை சேஸிஸில், மறு முனை ஆக்ஸிலில். சேஸிஸ் உயர்ந்ததும் கம்பி இன்னும் செங்குத்தாகிறது, படுக்கைவாட்டில் அது தொடும் தூரம் குறைகிறது, அதனால் ஆக்ஸில் முழுவதும் சேஸிஸ் முனை இருக்கும் பக்கமாக இழுக்கப்படுகிறது. 850 மி.மீ. நீளக் கம்பி ஒன்று, இரு முனைக்கும் உயர வித்தியாசம் முதலில் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. லிஃப்ட் போட்டால் ஆக்ஸில் 4 மி.மீ. சொச்சம் நகரும், பெரிதாகத் தெரியாது. 100 மி.மீ. போட்டால் கிட்டத்தட்ட 12 மி.மீ. நகரும். உயரம் இரட்டிப்பானபோது நகர்வு இரண்டரை மடங்குக்கு மேல் போனதைக் கவனியுங்கள்.

சேஸிஸின் இரு பக்கமும் ஒரே மாதிரியான இடத்திலிருந்து அந்தந்தப் பக்கச் சக்கரத்துக்கு நாடாவில் அளந்து பாருங்கள், வித்தியாசத்தில் பாதிதான் நகர்வு. நீளம் மாற்றக்கூடிய ட்ராக் பார் போட்டு அதைச் சரிசெய்யலாம். சேஸிஸ் பக்கத்துக்கோ ஆக்ஸில் பக்கத்துக்கோ பிராக்கெட் போட்டும் சரிசெய்யலாம், ஆனால் படி 6 படித்துவிட்டு அதை முடிவு செய்யுங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம், இது கம்பி முனைகளில் இருக்கும் எல்லா ரப்பர் புஷ்ஷுக்கும் பொருந்தும். வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை இறுக்கக் கூடாது. புஷ்ஷின் ரப்பர் உள் குழாயோடு ஒட்டியிருக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். போல்ட்டைக் கையால் மட்டும் மாட்டி, சக்கரத்தில் வண்டியை இறக்கி, பம்பரை நாலு தடவை அழுத்தி விட்டு, அதன் பிறகு முழுசாக முறுக்குங்கள்.

படி 4: காஸ்டர்

லிஃப்ட் போட்ட வண்டி நெடுஞ்சாலையில் மிதப்பதற்கும், ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராததற்கும் முதல் காரணம் இதுதான். சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சு மேலே சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். சைக்கிளின் ஹேண்டில் கம்பி சாய்ந்திருப்பது போல. கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதில் அந்தச் சாய்வுக்குப் பங்கு உண்டு. வண்டியில் இந்தச் சாய்வுக்குத்தான் காஸ்டர் என்று பெயர், சாலிட் ஆக்ஸில் வண்டிகளில் இது பெரும்பாலும் 3 முதல் 6 டிகிரி வரை.

ஆக்ஸிலை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் உள்ள வண்டியில் ஆக்ஸில் அந்த ஆர்மோடு இறுகப் பிணைந்திருக்கிறது. ஆர்ம் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவும் காஸ்டரில் குறையும். ஆர்ம் 800 மி.மீ., லிஃப்ட் 50 மி.மீ. என்றால் ஏறத்தாழ 3.6 டிகிரி போய்விடும். கம்பெனி கொடுத்ததே 3 டிகிரி என்றால் இப்போது பூஜ்ஜியத்துக்கும் கீழே. இரண்டே இரண்டு அங்குலம்தானே என்று நினைத்தவர்களின் வண்டி ஏன் இப்படி அலைகிறது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

அளப்பது எப்படி? முடிந்தால் லிஃப்ட் போடுவதற்கு முன்பே ஆக்ஸிலில் நன்கு தட்டையான, இழைத்த ஒரு பரப்பைத் தேர்ந்து கோணத்தைக் குறித்து வையுங்கள். பிறகு அதே இடத்தில், அதே தரையில், அதே டயர் அழுத்தத்தில் மறுபடி அளந்தால் வித்தியாசம்தான் இழந்த காஸ்டர். முன்பே அளக்காதவர்கள் இந்த ஒரு எண்ணுக்காக மட்டும் அலைன்மென்ட் கடையில் அளந்து வாங்கிக்கொள்ளலாம். அங்கே சரிசெய்யச் சொல்லாதீர்கள், பிரிண்ட் மட்டும் கேளுங்கள்.

சரிசெய்ய வழி வண்டியைப் பொறுத்தது. ரேடியஸ் ஆர்மில் துளை மையம் விலகிய காஸ்டர் புஷ் போடலாம், இரண்டு மூன்று டிகிரி வரை இது தாங்கும். அல்லது ஆர்மின் சேஸிஸ் முனையைக் கீழே இறக்கும் டிராப் பிராக்கெட். இது ஓட்டத்துக்கு நல்லது, ஆனால் பாறையில் முட்டும். ராங்லர் போல மேலும் கீழும் தனித்தனி ஆர்ம் உள்ள வண்டியில் நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் போட்டுக் கீழ் ஆர்மை நீட்டலாம், அல்லது மேல் ஆர்மைக் குறைக்கலாம். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் வைப்பார்கள். அலுமினிய ஷிம் நசுங்கிவிடும், இரும்பில் வாங்குங்கள்.

காஸ்டர் அதிகம் வேண்டும் என்று ஆக்ஸிலைப் பின்னால் சாய்த்துக்கொண்டே போனால் முன் டிஃபரன்ஷியலின் (ஆக்ஸில் நடுவில் இருக்கும் கியர் பெட்டி) மூக்கு கீழே குனியும், அதைச் சுழற்றும் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்ட் கோணம் கூடும், வேகத்தில் ஒரு புது அதிர்வு வரும். அதனால் 'எவ்வளவு முடியுமோ அவ்வளவு' என்று போகாமல், ஸ்டீயரிங் தானாக நேராகும் அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். என் அனுபவத்தில் கம்பெனி கொடுத்த அளவுக்கு ஒரு டிகிரி குறைவாக இருந்தால்கூட நன்றாகவே ஓடும்.

படி 5: டோ, அப்புறம் ஸ்டீயரிங்கை நேராக்குவது

வரிசை முக்கியம். டோ முதலில், ஸ்டீயரிங் நடு கடைசியில்.

டோ என்பது முன் சக்கரங்கள் இரண்டும் முன்னால் நெருங்கியிருக்கிறதா, விலகியிருக்கிறதா என்பது. வீட்டிலேயே துல்லியமாக அளக்கலாம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிவிட்டு, ஒரு கட்டையில் அடித்த ஆணியை டயரின் நடுவில் லேசாகத் தொட வைத்தால் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு விழும். பட்டன் கோணல்மாணலாக இருந்தாலும் இந்தக் கோடு நேராக இருக்கும். இரண்டு டயரிலும் இதைச் செய்து, வண்டியை இறக்கி, சில மீட்டர் முன்னால் உருட்டி நிறுத்துங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியதுமே அளந்தால் டயர் பிதுங்கி நிற்கும், எண் தப்பாக வரும். ஆக்ஸில் உயரத்தில் பின்பக்கம் கோட்டுக்குக் கோடு அளந்து, அப்படியே முன்பக்கமும் அளந்தால் வித்தியாசம்தான் டோ.

பல சாலிட் ஆக்ஸில் வண்டிகளுக்கு முன்பக்கம் 1.5 முதல் 3 மி.மீ. குறைவாக இருப்பது சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற முழுநேர நான்கு சக்கர ஓட்ட வண்டிகளில் கொஞ்சம் டோ-அவுட் வைக்கச் சொல்வார்கள், மேனுவலைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். டை ராடு ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்தால் அதை நீட்டும்போது டோ-இன் கூடும், முன்னால் இருந்தால் நேர்மாறு. இறுக்கும்போது இரு முனை ஜாயிண்டும் ஒரே தளத்தில் நிற்கிறதா என்று பாருங்கள், ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் சாய்ந்து நின்றால் திரும்பும்போது முட்டும்.

இப்போது ஸ்டீயரிங். லிஃப்ட் போட்டதும் டிராக் லிங்க்கின் சாய்வு கூடி, அது படுக்கைவாட்டில் எட்டும் தூரம் குறைந்திருக்கும். அதனால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பி நிற்கிறது. ஸ்டீயரிங் வீலையே கழற்றி நேராக மாட்டிவிடுவது தப்பான வழி. ஸ்டீயரிங் பாக்ஸ் தன் நடுவில்தான் மிக இறுக்கமாகச் செய்யப்பட்டிருக்கிறது, அந்த நடு நேர் ஓட்டத்தில் இருக்க வேண்டும். இன்றைய வண்டிகளில் ஸ்டீயரிங் கோண சென்சாரும் உண்டு, அது தப்பாகக் காட்டினால் நேர்ச்சாலையிலேயே, வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஈஎஸ்பி தானாக ஒரு சக்கரத்தைப் பிரேக் பிடிக்கும். சரியான வழி டிராக் லிங்க்கின் நடுவில் இருக்கும் அட்ஜஸ்டரைத் திருப்புவது. வண்டியை நேரான சாலையில் ஓட்டி வந்து, சக்கரம் நேராக இருக்கும்படி நிறுத்தி, இரு பக்க கிளாம்பைத் தளர்த்தி, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பினால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரும். பாக்ஸின் உண்மையான நடு எது என்று சந்தேகம் இருந்தால் டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்துங்கள்.

படி 6: பள்ளத்தில் இறங்கினால் ஒதுங்குகிறதா?

இதை பம்ப் ஸ்டியர் என்பார்கள். ஸ்டீயரிங்கைத் தொடாமலே, சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது சக்கரம் தானாகத் திரும்புகிறது. டிராக் லிங்க்கும் ட்ராக் பாரும் ஒன்றுக்கொன்று இணையாகவும் கிட்டத்தட்ட ஒரே நீளமாகவும் இருந்தால் இரண்டும் ஒரே வளைவில் ஏறி இறங்கும், சக்கரம் திரும்பாது. வண்டிக்கு முன்னால் குனிந்து பார்த்தால் இரண்டும் இணையா இல்லையா என்று கண்ணாலேயே தெரியும்.

அதிகம் நடக்கும் தப்பு இங்கேதான். டிராக் லிங்க் சாய்ந்துவிட்டது என்று டிராப் பிட்மேன் ஆர்ம் மட்டும் வாங்கி மாட்டுவார்கள். டிராக் லிங்க் படுக்கையாகிவிடும், ட்ராக் பார் சாய்ந்தே இருக்கும், முன்பைவிட மோசமாக ஒதுங்கும். ஒன்றை எவ்வளவு மாற்றுகிறீர்களோ மற்றதையும் அவ்வளவு மாற்ற வேண்டும். இரண்டு அங்குலம் மாதிரி சின்ன லிஃப்டில் இரண்டும் சேர்ந்தே சாய்ந்திருக்கும், இணையாகத்தான் இருக்கும், அங்கே இரண்டையும் தொடாமல் விடுவதே நல்லது.

டெத் வாபிள் வந்தால்

சாலிட் ஆக்ஸில் வண்டியில் 60, 80 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தைத் தாண்டியதும் முன் ஆக்ஸில் முழுவதும் இடம் வலமாக உதறும், ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். பயங்கரமாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கை எதிர்த்து முறுக்காதீர்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராக உறுதியாகப் பிடித்து, மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். வேகம் குறைந்ததும் நின்றுவிடும்.

நின்ற பிறகு அதே போல ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ஒவ்வொரு உதறலும் ஜாயிண்டுகளைச் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கிறது. பழுதின் வரிசை பெரும்பாலும் இப்படி: ட்ராக் பார் போல்ட்டும் அதன் துளையும், பிறகு ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட் அல்லது கிங்பின், வீல் பேரிங், டை ராடு முனை. காஸ்டர் தப்பாக இருப்பதும் பேலன்சிங் இல்லாத டயரும் உதறலைத் தொடங்கிவைக்கும், ஆட்டமுள்ள இணைப்புதான் அதை வளர்க்கும். புது டேம்பர் மாட்டியதும் நின்றுவிட்டது என்றால் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். படி 2ஐ டேம்பரைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

தனித்தனி முன் சஸ்பென்ஷன் என்றால்

ட்ராக் பார் இல்லை, டெத் வாபிளும் பொதுவாக இல்லை. ஆனால் சாலிட் ஆக்ஸிலில் லிஃப்டால் மாறாத கேம்பர் இங்கே மாறும். அதாவது சக்கரம் மேலே உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாயும். கீழ் ஆர்மின் கேம் போல்ட்டைத் திருப்பி கேம்பரையும் காஸ்டரையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும், இதைக் கடையில் செய்வதே நல்லது. திருப்பி முடிந்த பிறகும் காஸ்டர் வரவில்லை என்றால் மேல் ஆர்மை மாற்றுவதுதான் வழி. இரண்டு அங்குலத்துக்கு மேல் போகும்போது, சக்கரத்தைச் சுழற்றும் தண்டில் இருக்கும் சிவி ஜாயிண்டின் கோணத்தையும் பாருங்கள். அதன் ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசினால் கொஞ்ச நாளில் கிழிந்து கிரீஸ் தெறிக்கும். டிஃபரன்ஷியலைக் கொஞ்சம் இறக்கும் கிட் அதற்குத்தான்.

டயர் உரசுகிறது

எங்கே உரசுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மட்கார்டு உள்பக்கம், பம்பர் மூலை, ரேடியஸ் ஆர்ம் எல்லாவற்றிலும் சாக்பீஸ் பூசிவிட்டு, வெறும் மைதானத்தில் இருபுறமும் முழுசாக ஒடித்து மெதுவாக ஓட்டினால் அழிந்த இடம் சொல்லும். ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலும் ஒடித்துப் பாருங்கள். தரையில் உரசாத டயர் அங்கே உரசும்.

ஒடிக்கும்போது உள்ளே ஆர்மில் உரசினால் நக்கிளில் (சக்கரத்தோடு திரும்பும் பகுதி) இருக்கும் ஸ்டாப் போல்ட்டை நீட்டலாம், வண்டி திரும்பும் வட்டம் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். மேலே அமுங்கும்போது உரசினால் சஸ்பென்ஷன் அமுங்கும் எல்லையைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பை நீட்ட வேண்டும், மட்கார்டை வெட்டுவது அதற்கு அப்புறம்.

வெளியே உரசினால் பெரும்பாலும் ரிம்தான் காரணம். 7 அங்குல அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் மாட்டும் முகம் வெளிப்பக்கமாக விலகும் தூரம்) 30 மி.மீ. உள்ள ரிம்மைக் கழற்றி 8 அங்குலம், ஆஃப்செட் பூஜ்ஜியம் மாட்டினால் உள் விளிம்பு 17 மி.மீ. விலகி இடம் தரும், ஆனால் வெளி விளிம்பு 43 மி.மீ. வெளியே வரும். திரும்பும்போது டயர் பெரிய வளைவில் வீசி பம்பரையும் மட்கார்டின் பின் மூலையையும் தொடும். ஒவ்வொரு கல்லும் ஸ்டீயரிங்கில் உதைக்கும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். பார்க்க அழகாக இருக்கிறது என்று ஆழமான ரிம் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தேய்மானத்தைப் படிப்பது

டயரைக் கையால் தடவுங்கள், கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும். உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தடவும்போது ரம்பம் போலக் குத்தி, வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வழவழப்பாக இருந்தால் டோ-இன் அதிகம். நேர்மாறாக இருந்தால் டோ-அவுட். ஒரு ஓரம் மட்டும் ஒரே சீராகத் தேய்ந்தால் கேம்பர். சாலிட் ஆக்ஸிலில் அப்படி வந்தால் பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கும் அல்லது ஆக்ஸில் வளைந்திருக்கும், அலைன்மென்ட் அதைச் சரிசெய்யாது. ஆங்காங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது, இல்லை பேலன்சிங் இல்லை.

பெரிய டயர் மாட்டியதும் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். 235/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 733 மி.மீ., 31 அங்குல டயர் 787 மி.மீ. அதாவது 7 சதவீதம் கூடுதல், முள் 100 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 107ல் போகிறது. முடிந்தால் மறுபடி கேலிபரேட் செய்துகொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஸ்டீயரிங்கை இரு முனை வரை திருப்பி, சஸ்பென்ஷன் முழுசாகத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். வீல் நட்டை 100 கி.மீ. ஓடியதும், தொட்ட மற்ற எல்லா போல்ட்டையும் 500 கி.மீ.க்குள்ளும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை மறுபடி முறுக்குங்கள். முறுக்கிய ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பிராக்கெட் வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை சேற்றில் ஓட்டிவிட்டு வந்து கழுவும்போது எது நகர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.